"குதிக்க மாட்டேங்குதுண்ணா": கேம் எழுதப் பழகுகிறவர்கள் எங்கே சிக்குகிறார்கள்?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதித் தமிழ் பாதி மலையாளம் என்று வளர்கிற பிள்ளைகளில் கேம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கைபேசியில் விளையாடித் தொடங்கிய ஆசை அது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் இந்திய அரசு தடை போட்டபோது அதிகம் வருத்தப்பட்ட வயது. ஃப்ரீ ஃபயர் யூனிட்டி என்ற எஞ்சினில், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருளில் செய்தது, அதே எஞ்சினை நாமும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் நேராக அங்கே போய் நிற்கிறார்கள். கொஞ்ச நாளில் தெரிந்த யாருக்காவது ஒரு கேள்வி வரும்: "அண்ணா, என் பிளேயர் குதிக்க மாட்டேங்குது. கோடு அனுப்பியிருக்கேன், பாருங்க." கூடவே அந்தக் கோடு, அதாவது நிரல், தெரிகிற மானிட்டரை ஃபோனில் பிடித்த ஒரு கோணல் படம்.

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த எஞ்சின், எந்தப் பதிப்பு, குதிக்கவே இல்லையா, சில நேரம் மட்டும் குதிக்கவில்லையா, சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்ததா, எதுவும் அதில் இல்லை. அதனால் பெரும்பாலும் "முதல்ல தேடிப் பாரு", "அடிப்படையைப் படிச்சுட்டு வா" என்று பதில் போகிறது. கேட்ட பையனோ பெண்ணோ அதோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் கேமையே விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்வது தவறான தீர்ப்பு என்பது என் உறுதியான எண்ணம். கேள்வி மோசமாக வருவதற்குக் காரணம், எதைக் கவனிக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு யாரும் காட்டாதது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பார்த்த நிரலும் கேமுக்குள் இருக்கிற நிரலும் வேறு வேறு விதமாக ஓடுகின்றன. அந்த வித்தியாசம் புரியாதவரை நல்ல கேள்வி வராது.

கேரளப் பள்ளிகளில் கணினிப் படிப்புக்குக் குறைவில்லை. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-இல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வந்தன. அனிமேஷன், பிளாக்குகளை இழுத்துப் போட்டு நிரல் செய்கிற ஸ்க்ராட்ச் என்று பிள்ளைகள் அதில் நிறையப் பழகுகிறார்கள். பிளஸ் ஒன் போனால் சி பிளஸ் பிளஸ். எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சியில் படிக்கிற பிள்ளைக்கும் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான். எந்தப் பக்கம் படித்தாலும் கையில் வருகிற பயிற்சி ஒன்றுதான்: மூன்று பாடத்தின் மதிப்பெண்ணை வாங்கு, கூட்டு, சராசரியை அச்சிடு, முடி. நிரல் மேலிருந்து கீழே ஒரே ஒரு முறை ஓடி நின்றுவிடும்.

கேம் அப்படி ஓடாது. திரையில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், வரைய வேண்டிய ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுதிய நிரலை எஞ்சின் கூப்பிடுகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் விநாடிக்கு 60 முறை. யூனிட்டியில் இப்படிக் கூப்பிடப்படுகிற பகுதிக்கு அப்டேட் என்று பெயர். கொடோ எஞ்சினில் பிராசஸ். நிரலின் தொடக்கம் எங்கே, முடிவு எங்கே என்று தேடுகிற பிள்ளைக்கு இரண்டும் கண்ணில் படாது, ஏனென்றால் அந்தச் சுழற்சி எஞ்சினுக்குள் மறைந்திருக்கிறது. இதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கிறது. ஸ்க்ராட்சில் ஃபார்எவர் என்ற பிளாக் கண்ணெதிரே இருக்கும். பூனையை நகர்த்த வேண்டுமானால் அதற்குள்தான் வைக்க வேண்டும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை கையால் இழுத்துப் போட்டுப் பழகியிருக்கும். அதே பிள்ளை யூனிட்டிக்கு வரும்போது, "நீ அன்னைக்குப் போட்ட ஃபார்எவர்தான் இந்த அப்டேட்" என்று ஒரே ஒரு வரி சொல்ல ஆள் இருந்தால் போதும். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் அவ்வளவு தூரம்தான்.

இந்த ஒன்று புரியாததால் வருகிற சிக்கல்களைப் பாருங்கள். கொடோவின் பிராசஸுக்குள் பிளேயரை ஐந்து பிக்சல் நகர்த்து என்று எழுதுகிறார்கள். 60 ஃபிரேம் ஓடும் வீட்டு லேப்டாப்பில் விநாடிக்கு 300 பிக்சல் நகரும். 30 ஃபிரேமில் திணறும் பழைய பள்ளி லேப் கணினியில் 150 பிக்சல். 144 ஃபிரேம் காட்டும் நண்பனின் கேமிங் மானிட்டரில் 720. ஒரே நிரல், மூன்று வேகம். வரும் கேள்வி என்னவோ "அண்ணா, ஸ்கூல் சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்றுதான் இருக்கும். கணினியின் மேல் பழி போகிறது. போன ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேம் வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதை எஞ்சின் டெல்டா டைம் என்ற எண்ணாகத் தருகிறது. ஒரு விநாடிக்கு இத்தனை என்று வேகத்தை வைத்து, அதை டெல்டா டைமால் பெருக்கிவிட்டால் மூன்று இடத்திலும் ஒரே வேகம் வந்துவிடும்.

குதிக்கிற விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. யூனிட்டியில் அப்டேட் தவிர ஃபிக்ஸ்டு அப்டேட் என்று இன்னொன்று உண்டு. புவியீர்ப்பு, மோதல் போன்ற இயற்பியல் கணக்குகளுக்கானது அது. வழக்கமான அமைப்பில் 0.02 விநாடிக்கு ஒரு முறை, அதாவது கேமின் நேரத்தில் விநாடிக்கு 50 முறை ஓடும். குதிப்பது இயற்பியல்தானே என்று ஸ்பேஸ் கீ அழுத்தியதைப் பார்க்கும் வரியையும் அதற்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் 'கீ இப்போது அழுத்தப்பட்டது' என்ற செய்தி ஒரே ஒரு ஃபிரேமுக்குத்தான் உயிரோடு இருக்கும். திரை 60 முறை, இயற்பியல் 50 முறை என்றால் சில ஃபிரேம்களில் ஃபிக்ஸ்டு அப்டேட் ஓடவே ஓடாது. அந்த ஃபிரேமில் விழுந்த தட்டு காணாமல் போகும். கணக்குப்படி ஆறு தட்டுக்குச் சுமாராக ஒன்று. 144 ஃபிரேம் ஓடினால் மூன்று தட்டில் இரண்டு போய்விடும். லேப் கணினியில் 30 ஃபிரேம் ஓடும்போது கதை தலைகீழ்: ஒரே ஃபிரேமுக்குள் ஃபிக்ஸ்டு அப்டேட் பல நேரம் இரண்டு முறை ஓடும், ஒரு தட்டுக்கு இரண்டு உந்து கிடைக்கும், பிளேயர் கூரைக்குப் பறக்கும். கீ அழுத்தியதை அப்டேட்டில் பார்த்து ஒரு மாறியில் (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரில்) குறித்துக்கொண்டு, உந்துவதை மட்டும் ஃபிக்ஸ்டு அப்டேட்டில் செய்து, உடனே அந்தக் குறிப்பை அழித்துவிட்டால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும்.

"குதிக்க மாட்டேங்குது" என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இதே கேள்வி இப்படி வந்திருந்தால் எப்படி இருக்கும்: "யூனிட்டி 2022. ஸ்பேஸ் தட்டினா குதிக்கணும். வீட்டு லேப்டாப்ல அஞ்சாறு தட்டுக்கு ஒண்ணு மிஸ் ஆகுது. ஸ்கூல் லேப்ல மிஸ் ஆகலை, ஆனா பலசமயம் ரொம்ப உயரத்துக்குப் போயிடுது. எரர் எதுவும் வரலை." நிரலைத் திறக்காமலே பாதிப் பதில் சொல்லிவிடலாம். இப்படி எழுதப் பெரிய நிரலறிவு தேவையில்லை. என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எப்போது நடந்தது, எப்போது நடக்கவில்லை, இவ்வளவுதான் வேண்டும். நம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிட்டு "மோட்டார் ஓடலை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவதில்லை. "ஸ்டார்ட்டர் போட்டா உறுமுது, சுத்த மாட்டேங்குது, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். அந்தப் பேச்சு வீட்டிலேயே இருக்கிறது. அதைக் கணினிக்கும் பேசலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கேட்பதே வேறொன்றாகப் போகிற சிக்கலும் உண்டு. "ரெண்டு விநாடி நிறுத்துறது எப்படிண்ணா?" என்பார்கள். பைதானில் ஸ்லீப் என்று எழுதினால் நிற்கும் என்று படித்திருக்கிறார்கள். கேமில் அதைப் போட்டால் எதிரி மட்டும் நிற்க மாட்டான். ஃபிரேம் வரைவதும் கீ அழுத்தியதைப் பார்ப்பதும் சேர்ந்து எல்லாமே இரண்டு விநாடி உறைந்துவிடும். அடுத்த கேள்வி "கேம் ஹேங் ஆகுது" என்று வரும். உண்மையில் வேண்டியது, எதிரி ஒரு முறை தாக்கிய பிறகு இரண்டு விநாடி பொறுத்து அடுத்த முறை தாக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு டைமரோ, நடுவில் பொறுத்திருந்து தொடரக்கூடிய யூனிட்டியின் கோரூட்டினோ போதும். எதிரியைப் பற்றிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். தான் யோசித்த வழியை மட்டும் கேட்டதால் அரைநாள் போனது. பதில் சொல்கிறவர் "சரி, இதை எதுக்குக் கேக்கறே?" என்று அன்பாக ஒரு முறை கேட்டுவிட்டால் பல முடிச்சு அங்கேயே அவிழும்.

அப்புறம் சிவப்பு எழுத்து. யூனிட்டியில் தொடங்குகிற எல்லோரும் சந்திக்கிற பிழை நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன். ஒரு மாறிக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள், அதற்குள் எதுவுமே இல்லை, அதைப் போய் வேலை வாங்குகிறீர்கள் என்பது பொருள். பல நேரம் நிரலில் தப்பே இருக்காது. பொருள்களின் அமைப்புகளைக் காட்டும் யூனிட்டியின் இன்ஸ்பெக்டர் பலகத்தில் பிளேயரை இழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் அனுப்புவது நிரலை. தப்பு இருக்கும் இடம் அந்தப் படத்திலேயே இல்லை. பதில் சொல்கிறவர் முப்பது வரியையும் படித்துவிட்டு "கோடு சரியாத்தானே இருக்கு" என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. இந்த 'நல்' என்ற வெறுமையை நிரல்மொழிக்குள் 1965-இல் கொண்டுவந்தவர் டோனி ஹோர் என்ற கணினி அறிஞர். 2009-இல் அவரே அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒரு மாநாட்டில் சொன்னார். அனுபவசாலிகளையும் அரை நூற்றாண்டாகப் படுத்துகிற பிழை இது. பிளஸ் ஒன் பிள்ளை இதில் மாட்டினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சிவப்புச் செய்தியின் முதல் வரியை மட்டும் அனுப்புவார்கள். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பது அதற்குக் கீழே இருக்கும். பிளேயர் டாட் சிஎஸ், வரி 24 என்று இருந்தால் அந்த ஒரு வரியில் புள்ளிக்கு முன்னால் இருக்கிற பெயர்களில் ஏதோ ஒன்று காலி என்று அர்த்தம். தேட வேண்டிய இடம் இரண்டோ மூன்றோ சொல்லாகச் சுருங்கிவிடும். அதனால் செய்தி முழுவதையும் அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். கையால் திரும்பத் தட்டச்சு செய்யாதீர்கள். தமிழிலும் மாற்றாதீர்கள்.

சிவப்பு எழுத்தே வராத பிழைகள் இன்னும் கொடுமை. யூனிட்டி சில பகுதிகளைப் பெயரை வைத்துத்தான் அடையாளம் கண்டு கூப்பிடுகிறது. 2டி கேமில் மோதும்போது கூப்பிடப்படும் ஆன் கொலிஷன் என்டர் டூடி என்பதில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்க மறந்தாலோ, 2டி கேமில் டூடி இல்லாத பெயரை எழுதினாலோ, மொழியைப் பொறுத்தவரை அது சரியான நிரல்தான். ஓடும். எந்தப் புகாரும் வராது. மோதினால் மட்டும் ஒன்றுமே நடக்காது. இங்கே ஒரே மருந்து, அந்தப் பகுதிக்குள் முதல் வரியாக 'வந்தேன்' என்று அச்சிட வைப்பது. அச்சாகவில்லை என்றால் உள்ளே எழுதியிருப்பதைச் சோதித்துப் பயனில்லை, கூப்பிடவே இல்லை. அச்சானால் சிக்கல் உள்ளே. பெரிய ப்ராஜெக்ட்டாக இருந்தால் பாதியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, இல்லாவிட்டால் ஒரு தரை, ஒரு பெட்டி மட்டும் வைத்துப் புது ப்ராஜெக்ட் செய்து அதில் அதே தப்பு வருகிறதா என்று பார்ப்பது. இப்படிச் சுருக்கிக்கொண்டே போகும்போது பாதிப் பேர் கேள்வி கேட்பதற்கு முன்பே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பதிப்புச் சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. காரணம், இதில் பிள்ளையின் தப்பு துளியும் கிடையாது. கொடோ எஞ்சின் 2014-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. கட்டணம் இல்லை, நிறுவ வேண்டியதுகூட இல்லை, ஒரே கோப்பு. பல ஜிபி இடம் கேட்கும் யூனிட்டி ஓடாத பழைய கணினியிலும், கேரளப் பள்ளிகளில் இருக்கிற லினக்ஸிலும் பல நேரம் இது ஓடிவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் 2023 மார்ச்சில் கொடோ 4 வந்தபோது நிறையப் பெயர்கள் மாறின. பிளேயருக்குப் பயன்படுத்தும் கைனமேட்டிக் பாடி டூடி, கேரக்டர் பாடி டூடி ஆனது. பிளேயரை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடுக்கு முன்பு வேகத்தை அடைப்புக்குள் தர வேண்டும், இப்போது வெலாசிட்டி என்ற இடத்தில் முன்கூட்டியே வைத்துவிட்டு வெறுமனே கூப்பிட வேண்டும். காத்திருக்கச் சொல்லும் ஈல்டு போய் அவெய்ட் வந்தது. பழைய வீடியோவைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்த பிள்ளைக்குக் கிடைப்பது வரிசையாகச் சிவப்பு எழுத்து. "வீடியோல வேலை செய்யுது, எனக்கு மட்டும் செய்யலை" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். யூனிட்டியிலும் இதே கதைதான். கீ அழுத்தியதைப் படிக்கும் புதிய இன்புட் சிஸ்டத்துக்கு மாற்றி வைத்த ப்ராஜெக்ட்டில் பழைய வீடியோவில் இருக்கிற இன்புட் வரிகள் ஓடாது. யூனிட்டி 6-இல், பொருளுக்கு இயற்பியல் தருகிற ரிஜிட்பாடியின் வெலாசிட்டி, லீனியர் வெலாசிட்டி ஆகிவிட்டது. வீடியோ எந்தப் பதிப்புக்கு, என் கணினியில் எந்தப் பதிப்பு என்ற இரண்டையும் பார்த்த பிறகு தொடங்கினால் முதல் வாரத்துக் கண்ணீர் பாதி குறையும்.

மொழிக்கு வருகிறேன். எல்லையோரப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியிலும் பஸ்ஸிலும் மலையாளம், கணினியில் ஆங்கிலம். உதவி கேட்கும்போது மட்டும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் எழுதும்போது 'ஜம்ப் நாட் வொர்க்கிங்' என்ற மூன்று சொல்லோடு நின்றுவிடுகிறது. நேரில் கேட்டால் அதே பிள்ளை சொல்லும்: "தரையில நின்னா குதிக்குதுங்ணா, அந்த நகர்ற பலகை மேல நின்னா மட்டும் குதிக்கலை." விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. தரை என்று எந்த லேயரை (பொருள்களின் குழுவை) சொல்லியிருக்கிறோமோ அதில் பலகையைச் சேர்க்கப் பிள்ளை மறந்திருக்கும், அதனால் பிளேயர் தரையில் நிற்கிறதா என்ற சோதனை தோற்றுப் போகிறது. முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஆங்கிலத்தில் எழுதப் போனபோது விழுந்துபோனது இந்த நுணுக்கம்தான். எனவே தமிழ் தெரிந்தவரிடம் தமிழிலேயே கேளுங்கள். திருச்சூர்க்காரச் சேட்டனிடம் மலையாளத்தில் கேளுங்கள், உங்களுக்குத்தான் வருமே. தமிழிலும் மலையாளத்திலும் வருகிற பாட வீடியோக்கள் இரண்டுமே உங்களுக்குப் புரியும். கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் கோழிக்கோட்டுப் பிள்ளைக்கும் கிடைக்காத வசதி அது. ஆங்கிலத்தில் கேட்க வேண்டி வந்தால் முதலில் தமிழில் முழுக்க எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வாக்கியம் வாக்கியமாக மாற்றுங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிறையப் பேர் மனிதரிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். திட்டாது, நள்ளிரவிலும் பதில் சொல்லும், தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்ளும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் "குதிக்கலை" என்று கேட்டால் எதற்கு என்று திரும்பக் கேட்காமல் அதுவும் பெரும்பாலும் ஏதோ ஒரு நிரலைக் கொடுத்துவிடும். கொடோ 3-இன் வரியும் 4-இன் வரியும் அதில் கலந்திருந்தால் தொடங்குகிறவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்ஸ்பெக்டரில் காலியாக இருக்கிற கட்டமும் நீங்கள் காட்டாதவரை அதற்குத் தெரியாது. பதிப்பு எண், எதிர்பார்த்தது, நடந்தது, முழுப் பிழைச் செய்தி என்று மனிதருக்குத் தர வேண்டிய அதே விவரங்களை அதற்கும் தர வேண்டியிருக்கிறது.

பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நிரலை வாங்கி நீங்களே திருத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த வாரம் அதே கேள்வி வேறு உருவில் வரும். வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லுங்கள், மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், "இந்த இடத்துல அச்சிட்டுப் பாரு, என்ன வருது?" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை அரைமணி ஆகும், பரவாயில்லை. "இதுகூடத் தெரியாதா" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம். கேம் என்றாலே பையன்கள் சமாச்சாரம் என்று ஏற்கெனவே கேட்டுக் கேட்டு, தயங்கித்தான் வந்திருப்பார்கள். விடை கிடைத்த பிறகு அதைப் பதிப்பு எண்ணோடு நாலு வரி தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கச் சொல்லுங்கள். அதே பலகையில் சிக்கிக்கொண்டு தேடி வரும் அடுத்த பிள்ளை எருத்தேம்பதியிலோ இடுக்கியின் மறையூரிலோ ஆந்திரத்தின் குப்பம் ஊரிலோ இருக்கலாம்.